குருநகர் அருளப்பு சாத்திய வடைமாலை

அருளப்பு போய்விட்டான்.

இன்று விடியக்காலை அவன் மகள் குருநகரிலிருந்து போன் எடுத்துச் சொன்னாள். நித்திரையிலேயே போனானாம்...

டொரொண்டோவில் பனி கொட்டுகிறது. பேரனின் ஐபேடில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

இங்கே என்னை ஃபாலோ பண்ணும் இளசுகளுக்கு அவனைத் தெரியாது. நாற்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்து நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒரு கிராவிட்டி சர்வே நடந்தது. அதில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் கொக்குவில் சைவக்காரன், அவன் குருநகர் வேதக்காரன், கத்தோலிக்கன்.

தோண்டாமலே பார்ப்பது! அந்த வேலையின் மயக்கமே அதுதான்.

கிராவிமீட்டர் என்று ஒரு பெட்டி. உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு சின்னப் பாரம். அடியில் கருங்கல் கிட்ட இருந்தால் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். சுண்ணாம்புக்கல்லும் மணலும் தடிப்பாகப் படிந்து கிடந்தால் ஒரு மயிரிழை குறைத்து இழுக்கும். அந்த மயிரிழையைப் பெட்டி காட்டிக்கொடுக்கும்.

பெட்டி அருளப்புவின் பொறுப்பு. மாட்டுவண்டியில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருப்பான், குலுங்கினால் வண்டிக்காரனுக்கு ஏச்சு. நான் முழங்காலில் நின்று, கண்ணை வைத்து ரீடிங் பார்ப்பேன்.

தெல்லிப்பழையில் தொடங்கி மேற்கே கடலைப் பார்த்துப் போனோம். ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் அளந்து, அதனால் வரும் வித்தியாசத்தைக் கழித்த பிறகும், எண் குறைந்துகொண்டே போனது.

"இறங்குதடா மச்சான்! இன்னும் இறங்குதடா!" பனங்காணிக்குள் நின்று அவன் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

எங்கள் காலுக்குக் கீழே கருங்கல் கடல் பக்கமாகச் சரிகிறது... அந்தப் பள்ளம் முழுக்க எந்தக் காலத்துப் படிவோ நிரம்பிக் கிடக்கிறது... அதை முதலில் பார்த்தது நாங்கள் இரண்டு பேரும்! அன்றைக்குச் சோறு கூட இறங்கவில்லை எனக்கு.

ஸ்பிரிங் பொல்லாதது, தானாகவே தளரும். அதனால் காலையில் ரீடிங் எடுத்த அதே கல்லில் பின்னேரமும் எடுத்து ஒப்பிட வேண்டும். தெல்லிப்பழையில் ஓர் ஒழுங்கை முடக்கில், வேப்பமரத்தடியில் கிடந்த தட்டைக் கல்தான் எங்கள் பேஸ் ஸ்டேஷன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எண் உதைத்தது. காலையில் எடுத்ததைவிட நன்றாகக் குறைவு.

எங்கள் வெள்ளைக்காரத் துரை கணக்கைப் பார்த்துக் கொதித்துப்போனார். பெட்டி எங்கேயோ விழுந்திருக்கிறது, ஸ்பிரிங் கெட்டுவிட்டது, இறங்கின ரீடிங் எல்லாம் குப்பை, அருளப்புவை நிறுத்தப்போகிறேன் என்றார்.

"மாதாவாணை நான் விழுத்தேல்லை..." என்றான் அருளப்பு. அடுத்த மாதம் கலியாணம். அரசாங்க உத்தியோகம் என்றுதான் பெண் வீட்டார் ஓம் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கல்லடிக்குப் போனோம். அருளப்பு கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு குதித்தான்.

"டேய் சபா! கல்லை உசத்திப் போட்டினமடா!"

விஷயம் இதுதான். காலையும் மாலையும் நான் அந்தக் கல்லின் முன் முழங்காலில் நிற்பதை எதிர்வீட்டுப் பொன்னம்மாக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். உத்தியோகத்தர்மார் தினமும் வந்து கும்பிடுகிறார்கள் என்றால் சும்மா கல்லா? வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியே போயிருந்த நேரம் முழ உயரத்துக்குப் பீடம் கட்டி, கல்லைத் தூக்கி மேலே வைத்து, சூலம் நட்டு, வைரவராக்கிவிட்டார்!

பின்னேரம் வந்தபோது நாங்களும் பார்த்தோம், சிரித்தோம். அதே கல்தானே என்று மேலேயே பெட்டியை வைத்து ரீடிங்கும் எடுத்தோம். ஊரெல்லாம் உயரம் கழித்துத் திரிந்த எங்களுக்கு அது மூளையில் படவில்லை. மேலே போனால் இழுப்புக் குறையும்தானே!

பெட்டியைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தோம். முதல்நாள் காலை எண் அப்படியே வந்தது. ஐயோ, என்ன சந்தோசம்!

ஆனால் துரையைக் கூட்டி வந்து, அவர் முன்னால் மேலேயும் ஒருதரம் வைத்துக் காட்ட வேண்டுமே... பொன்னம்மாக்கா குறுக்கே வந்து நின்றார்.

"சாமிக்கு மேலை பெட்டி வைக்கிறதோ தம்பியவை? நேற்று வைச்சதே பிழை."

"ஒருக்கா மட்டும் அக்கா. இல்லாட்டி என்ரை வேலை போயிடும்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "அப்ப வடைமாலை சாத்திப்போட்டு வை. உழுந்து ஊறப்போட்டுக் கிடக்கு, நான் சுட்டுத் தாறன்."

துரை பார்த்துக்கொண்டு நிற்க, குருநகர் அருளப்பு வைரவருக்கு வடைமாலை சாத்தினான். சாத்திவிட்டு என் காதுக்குள், "பங்குச் சுவாமியாரிட்டைச் சொல்லிப்போடாதையடா" என்றான்.

பெட்டி மேலே ஏறியது. எண் இறங்கியது! துரை தானே முழங்காலில் நின்று பார்த்தார், எழும்பி அருளப்புவுக்குக் கை கொடுத்தார். வேலையும் தப்பியது, கலியாணமும் தப்பியது, எங்கள் பள்ளமும் உண்மையாகிவிட்டது. வடையை மூன்று பேரும் பங்கு போட்டோம்.

பிறகு அது பெரிய கோயிலாகிவிட்டது. ஒவ்வொரு திருப்பணிக்கும் அருளப்புவிடமிருந்து எனக்குப் போன் வரும். "வைரவரை இன்னும் உசத்திப் போட்டினம் மச்சான்! இப்ப வைச்சால் இன்னும் இறங்கும்!" போன தைப்பொங்கலுக்கும் அதையே சொல்லிச் சிரித்தான்...

நாளைக்குப் பின்னேரம் குருநகரில் அடக்கம். என்னைப் பறக்க டொக்டர் விடமாட்டார்.

தெல்லிப்பழையில் இருக்கும் மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வைரவருக்கு அருளப்பு பேரில் ஒரு வடைமாலை.

சுவாமியாரிட்டைச் சொல்லமாட்டன்ரா. போயிட்டு வா, மச்சான்.