லெட்சுமி அக்காவின் வலிக்காத முதுகு

பாச்சாங் ஊரில் என் கடையில் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது மகள் கவிதா வந்து நின்றாள். “அம்மா, அடுப்ப அடைச்சிருங்க. பெரிம்மா போயிட்டாங்க.” தூக்கத்திலேயே போய்விட்டாராம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் சாவுச் செய்திகூட எனக்கு முன்னால் என் மகளுக்குத்தான் போயிருக்கிறது. அழுதேன். அழுதுகொண்டே பொறாமையும் பட்டேன். அக்காவை அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். சிறு வயதில் இருவருமே ரப்பர் பால் வாளி தூக்கினோம். எனக்குப் படிப்பு நின்றது, வாளி நிற்கவில்லை. இன்று கழுத்து, இடுப்பு, முட்டி என்று வலிக்காத இடம் இல்லை. அக்காவோ கோயில் வாசலில் குனிந்து பெரிய கோலம் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“முதுக எந்தப் பாசார்லக்கா வாங்குனீங்க?”

“ஒன்னோட அதே பழைய சாமான்தான்லா” என்பார்.

ஒருமுறை கிளினிக்குக்குத் துணைக்கு வந்தார். டாக்டரம்மா முதுகை விட்டுவிட்டு என் சின்ன வயதைக் கேட்டார். என்ன தூக்கினாய், நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் பயம் இருந்ததா என்று. மருந்து கேட்டால் குடும்பக் கதை கேட்கிறாரே என்று நினைத்தேன். சுமை மட்டுமில்லை, சிறு வயதுத் தூக்கக்கேடும் பயமும்கூடப் வளர்ந்த பின் வலியாய் நிற்கலாம்; ஆனால் எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மெதுவாகச் சொன்னார்: “ஒங்கப்பா குடிச்சிட்டு வந்தா நீ விடிய விடிய முழிச்சிருப்ப. எனக்குக் கால் வலிச்சா எங்கம்மா வாளிய வாங்கிக் கீழ வச்சிட்டு உட்கார வைப்பாங்க.”

அன்றோடு அவர் முதுகை விட்டுவிட்டு, அவருக்கு வாய்த்த அம்மாவின் மேல் பொறாமைப்பட ஆரம்பித்தேன்.

அதற்குள் என் மகளும் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டாள். புத்தகப் பை தூக்கித் தோள் வலிக்கிறது என்பாள். டியூஷனுக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்பேன் நான். உடனே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. “வலிக்குதா, மொதல்ல உட்காரு. நெசமா பொய்யான்னு அப்புறம் பாக்கலாம்.” வீட்டுக்கு யார் வந்து வலி என்றாலும் அக்காவுக்கு அதே பேச்சுத்தான்.

“பிள்ளைய அங்கயே வச்சிக்குங்கக்கா!” என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

“ஒனக்கும் எடம் இருக்கு. நீதான் உட்கார மாட்டேங்குற.”

கருமாதி முடிந்ததும் அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி வந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

போன வாரம் கவிதா அடுப்படியில் வந்து நின்றாள். “அம்மா, முதுகு வலிக்குது” என்றாள். டியூஷன் நேரம்தான். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துத் தைலம் தேய்த்தேன்.

“பெரிம்மா இன்னும் மெதுவா தேய்ப்பாங்க” என்றாள்.

செத்த பிறகும் இந்த அக்கா என்னை ஜெயிக்க விடமாட்டார் போலிருக்கிறது. இன்னும் மெதுவாகத் தேய்த்தேன்.