திருகாணியைத் திருப்பியவர்

மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் நான் கிளார்க்காக இருந்த காலத்தில், வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம் என்னைப் பிடித்தது. சிங்கப்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய தொலைநோக்கியின் முதுகில், கண்ணாடித் தகடு போடும் கேமராவைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டினேன். இரண்டையும் தாங்க, ஒரு சீனக் கொல்லர் தள்ளுவண்டியின் பழைய அச்சை வைத்து நிலைச்சட்டம் செய்து தந்தார்.

அந்த அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பனைகளுக்கு மேலே தெரிந்த அந்த நட்சத்திரம், இங்கே ரப்பர் மரங்களுக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குறிவைத்து, அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே பொருத்தினேன்.

மீதி வேலைக்கு என் மனைவியின் கை வேண்டியிருந்தது. குறிபார்ப்பதற்காகத் தொலைநோக்கியின் பார்வைக் குழாய்க்குள் குறுக்காகக் கட்டச் சிலந்தி நூலை அறுந்துபோகாமல் எடுத்துத் தந்தவள் அவள்தான். வானம் நகர நகர, தொலைநோக்கியையும் கூடவே நகர்த்த வேண்டும். நான் குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் நூலை விட்டு விலகும்போது மெல்லச் சொல்வேன். சட்டத்தின் மறுபக்கம் முக்காலியில் இருக்கும் அவள், அச்சை நகர்த்தும் திருகாணியைத் திருப்புவாள். கொஞ்சம் தவறினாலும் நட்சத்திரங்கள் தகட்டில் கோடுகளாக இழுபடும். அதுவரை எங்கள் தகடுகள் எல்லாம் அப்படித்தான் வந்தன.

மழை ஓய்ந்த ஒரு தை மாதத்து மாலை. இருட்டியதும், திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள மங்கலான புகைத்திட்டைப் படம் பிடிக்க, திருவாதிரையை நூலில் நிறுத்தி, கேமராவின் மூடியைத் திறந்தேன். முதலில் நாலைந்து முறை சொன்னேன். பிறகு சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நட்சத்திரம் நூலிலேயே நின்றது. திருகாணி அசையும்போது குழாயில் வரும் மெல்லிய நடுக்கம் என் புருவத்தில் தெரிந்தது. அவளுக்குக் கை பழகிவிட்டது என்று மகிழ்ந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். முக்கால் மணி நேரம் போலக் கழிந்து மூடியைப் போட்டேன்.

“இண்டைக்கு நல்லாத் திருப்பினீர்,” என்றேன்.

பதில் வீட்டு வாசலில் இருந்து வந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“நான் எப்பவோ உள்ளுக்கு வந்திட்டன். பிள்ளை அழுதவள். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, முடிஞ்சுது எண்டு நினைச்சன்.”

விளக்கை எடுத்து வந்து பார்த்தேன். முக்காலி வெறுமையாக இருந்தது. திருகாணி மட்டும் அதன் புரிகளின் கடைசி வரை சுற்றப்பட்டிருந்தது. ரப்பர் மரங்களின் பக்கம் ஒரு பூச்சிச் சத்தமும் இல்லை. அவள் விளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் குளியலறையில் சிவப்பு விளக்கின் கீழ் தகட்டைக் கழுவினோம். நட்சத்திரங்கள் ஊசிமுனைப் புள்ளிகளாக விழுந்திருந்தன. அவற்றின் நடுவே, கண்ணாடியில் யாரோ ஊதிய மூச்சுப் போல, நான் தேடிய புகைத்திட்டு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தகட்டைத் திரும்பவும் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன்.

அச்சு எப்படியோ தானாகச் சுழன்றிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைச் சோதிக்க, அடுத்த தெளிந்த மாலையில் இருவரும் திருகாணியைத் தொடாமல் ஒரு தகடு எடுத்தோம். நீண்ட கோடுகள்தான் விழுந்தன. எனக்கு இருந்த கடைசிக் காரணமும் போயிற்று.

“அண்டைக்கு ஆரோ இருந்திருக்கினம்,” என்றாள் அவள், கோடுகளைப் பார்த்தபடி.

அதன்பின் அவள் அந்த முக்காலியில் உட்காரவில்லை. திருகாணிக்கு நீண்ட பிடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். என் பக்கத்திலேயே, முழங்கை படும்படி நின்று, ஒவ்வொரு முறையும் “திருப்பிறன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே திருப்பினாள். குளுவாங்குக்கு மாற்றலாகிப் போன பிறகும் அப்படியே செய்தோம். நல்ல தகடுகள் கிடைத்தன. ஆனாலும் புள்ளிகள் ஒரு மயிரிழையாவது நீண்டுதான் இருக்கும். நான் குறைப்பட்டுக்கொண்டால் அவள் சொல்வாள்:

“மனிசர் திருப்பினால் அப்பிடித்தான் வரும். அது போதும்.”