வாய் வழியாகப் போகாத விஷம்

எங்கள் கேஷுவாலிட்டியில் நான்கு கட்டில்கள், இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்கள், ஒரு சக்‌ஷன் மெஷின், ஐந்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பத்தொன்பது வருடம் அங்கே ஆண் நர்ஸாக இருந்தேன். எல்லோருக்கும் நான் 'பிரதர்'. ஓய்வு பெற்ற பிறகும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று கவலை வந்துவிடுகிறது. அந்த அறையின் டெட்டால் வாசனைக்குக்கூட மனம் ஏங்குகிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸுகளுக்காக, நான் செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன்.

ஒருநாள் காலை பதினொன்றரை மணி. பேரிகைப் பக்கம் ரோஜா வளர்க்கும் கிரீன் ஹவுஸில் வேலை பார்த்த மஞ்சுளாவை, அவள் கணவன் நாகராஜ் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். புடவைக்கு மேலே அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் தோட்ட வேலைக்கு அப்படித்தான் போவார்கள். வாயில் நுரை. நாடி நாற்பத்தாறு. மூச்சு முப்பத்திரண்டு. கண்மணி இரண்டும் ஊசிமுனை அளவு. பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியது.

"எவ்வளவுப்பா குடிச்சாங்க?"

"குடிக்கலீங்க பிரதர். பைப்பு..."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. வீட்ல என்ன சண்டை?"

"சண்டையே இல்லீங்க. காலைல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் களி தின்னோம்."

"சரி சரி, வெளிய நில்லு."

அந்த நெடியோடு வருகிறவர்கள் குடித்துவிட்டு வருவதையே பார்த்துப் பழகிவிட்டேன். ரெஜிஸ்டரில் 'பூச்சிமருந்து குடித்தது' என்று எழுதி, போலீஸுக்கும் தகவல் சொல்ல வைத்தேன். டூட்டி டாக்டரம்மா என் பேச்சை நம்பி ட்யூப் போட்டு வயிற்றைக் கழுவினார். களிதான் வந்தது. அதில் மருந்து நெடியே இல்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, முன்பு போட்டதைப்போல் இரண்டு மடங்கு. நெஞ்சுக் கரகரப்பு அடங்கும், நாடி ஏறும். அரை மணியில் மறுபடி நுரை, நாடி ஐம்பதுக்குக் கீழே. மூன்று தடவை இப்படியே. உடைத்த ஆம்பூல்களை, அந்தச் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பிகளை, எண்ணினேன்: அறுபத்து நான்கு. அலமாரியில் மிச்சம் பதினெட்டு. அதுவும் தீர்ந்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

"விஷம் இன்னும் எங்கிருந்தோ உள்ள போய்ட்டே இருக்கு பிரதர்," என்றார் டாக்டரம்மா.

கதவருகே ஆயா கெம்பம்மா நாகராஜை அதட்டிக்கொண்டிருந்தார். "ஏம்பா, உன் தோள் இப்படி நாறுதே, நீயும் குடிச்சியா?"

"அவ தலைய சாச்சிருந்த எடம் ஆயா இது. மருந்தடிக்கிற பைப்பு பிச்சிக்கிட்டு அவ தலைமேல கொட்டிடுச்சி. வந்ததுலருந்து சொல்றன், யாரு கேக்கறீங்க?"

கெம்பம்மா என்னைப் பார்த்தார். "பிரதரு எல்லாத்தையும் எண்ணுவாரு. காத மட்டும் கழட்டி டிராயர்ல வெச்சிடுவாரு."

ஓடிப்போய்த் துண்டை அவிழ்த்தேன். கொண்டைக்குள்ளிருந்து மருந்து வெள்ளையாகச் சொட்டியது. இரண்டு மணி நேரமாக அது அவள் தலைத்தோல் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம். திரையை இழுத்துவிட்டு, கெம்பம்மாவும் டாக்டரம்மாவும் கையுறை போட்டு, உடுப்பு முழுவதையும் கழற்றி, தலைமுதல் கால்வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நான் சுமந்தது பதினான்கு பக்கெட் தண்ணீர். நாகராஜையும் பின்பக்கக் குழாயில் குளிக்க வைத்தோம். அதற்குப் பிறகு ஏழு ஆம்பூல் போதுமாக இருந்தது. நுரை திரும்ப வரவில்லை.

பிழைத்துவிட்டாள் என்று மூச்சு விடுவதற்குள் வேப்பனப்பள்ளியிலிருந்து அவள் தாய் வந்து, மருமகன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எம்பொண்ணு மருந்து குடிக்கற அளவுக்கு என்னடா பண்ண?" போலீஸ் விசாரணைக்குப் போனதில் ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது.

"அம்மா, அவங்க குடிக்கல. தப்பா எழுதினவன் நான்தான்," என்றேன்.

"எழுதினத அடிச்சிடுவ சார். ஊருக்கு யாரு சொல்லுவா?"

ஆறாம் நாள் மஞ்சுளா வீடு திரும்பினாள். அடுத்த விடுமுறையில் இரண்டு பஸ் மாறி அவர்கள் ஊருக்குப் போனேன். பால் சொசைட்டி வரிசையில் இருபத்து மூன்று பேர் நின்றிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஒன்பது பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் நம்பினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு யார் வந்தாலும் கை வேலையைத் தொடங்கும். வாய் 'என்ன ஆச்சு?' என்று மட்டும் கேட்கும். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் மனதுக்குள் எண்ணுவேன். நாற்பது எண்ணுவதற்குள் அநேகமாக எல்லோரும் சொல்லி முடித்துவிடுவார்கள்.