நடுவில் நின்ற பாய்

ஹைருன் பீவி தன் வாழ்நாளில் ஜெயித்தவை இவை. இறந்துபோன புருஷனின் தோணியை, விறகுக்கு உடைக்கக் காத்திருந்த மாமனார் வீட்டாரிடமிருந்து ஜெயித்தாள். பெண்பிள்ளை தோணி ஓட்டலாமா என்று ஜமாஅத்தில் கிளம்பிய பேச்சை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மூன்றே மாதத்தில் அடங்க வைத்தாள். குளத்தில் படகு விடும் அனுமதியை, நான்கு தடவை ஆபீஸ் வாசலில் நின்று தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். சாரல் காலத்து மேல்காற்றை எதிர்த்து ஏழே திருப்பத்தில் கரை சேரக் கற்றாள். தென்காசியில் அவள் பிறந்த தறிகாரத் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாததாக, முப்பதாவது வயதில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தாள்.

கடைசியாகச் சொன்னதை ஜெயித்த வரிசையில் சேர்க்கலாமா என்பதைப் படிப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோணியைக் கொண்டுவந்தவர் அவள் புருஷன் பீர் மைதீன். எட்டு வருஷம் தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்தவர். 1931இல் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, பதினெட்டு அடி நீளமுள்ள பழைய பாய்த்தோணி ஒன்றையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தென்காசி ஸ்டேஷனில் தோணி இறங்கியதைப் பார்க்க ஊரே கூடியது. கடலில்லாத ஊருக்குத் தோணி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் இரண்டு மாட்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், ஐந்தருவிப் பாதையில் உள்ள குளத்தில் இறக்கினார். சீசனுக்கு வந்தவர்கள் அருவியில் குளித்துவிட்டு அதில் ஒரு சுற்றுப் போனார்கள். பாய்க்கு வேண்டிய முரட்டுத் துணியை ஹைருனின் அண்ணன் மசூது தன் தறியில் நெய்து கொடுத்தார். மூன்று வருஷம் நன்றாக ஓடியது. 1934இல் பீர் மைதீன் காய்ச்சலில் மவுத்தானார்.

விதவை வீட்டுக்குள் இருக்கும் இத்தா காலம் முடிந்த பிறகு ஹைருனே சுக்கானைப் பிடித்தாள். புருஷனோடு தோணியில் போய்ப் போய்ப் பழகிய கைதான். ஆனால் அவள் தோணியில் ஆண்கள் ஏறவில்லை, அவளும் ஏற்றவில்லை. பெண்கள் ஏறினார்கள். கடையநல்லூர், செங்கோட்டை, பண்பொழிப் பக்கத்து முஸ்லிம் பெண்கள், அருவிக்கு வந்தாலும் கூண்டு வண்டியை விட்டு இறங்காதவர்கள், அவள் தோணிக்கு இறங்கினார்கள். பிள்ளைமார் வீட்டுப் பெண்களும் வந்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. குளத்தின் மேற்கே மலையும் தோப்பும். அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது; பெண்கள் தோணியில் ஏறி இறங்குவது அங்கேதான். கிழக்கே கரை, அதன்மேல் பாதை, பாதை நெடுக ஆண்கள். சீசனில் காற்று மேற்கிலிருந்துதான் வரும். ஆகவே தோணி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாய் கிழக்குப் பக்கமாகத்தான் புடைத்து நிற்கும். கிழக்குக் கரைப் பக்கம் போகும்போதும் சரி, காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பி வரும்போதும் சரி, பெண்களுக்கும் கரைக்கும் நடுவில் பாய் இருக்கும். இதைப் பீர் மைதீன் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாளே ஹைருன் கண்டுபிடித்தாள்.

"தலையக் குனிங்கட்டி, பாய் மாறுது!" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கத்துவாள். பெண்கள் குனிந்து, ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து, அடுத்த பக்கம் மாறி உட்காருவார்கள். முக்காடு நழுவினால் இழுத்துவிட அவசரப்பட வேண்டியதில்லை.

"ராத்தா, இன்னொரு திருப்பம் கூடப் போடேன். வீட்டுக்குப் போனா மாமியா மூஞ்சிதான்" என்பாள் செங்கோட்டையிலிருந்து வரும் ஜன்னத். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"ஏழு திருப்பந்தான். எட்டாவதுக்கு ஒன் மாமியாளையும் கூட்டிட்டு வா."

"அவ ஏறுனா தோணி தாங்காது!"

தண்ணீர் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். கரையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும். ஒரு முகமும் தெரியாது.

ஜன்னத் நாலாம் வகுப்புவரை படித்தவள். தோணியின் நனைந்த பலகையில் விரலால் எழுதிக்கொண்டே வருவாள். அதைப் பார்த்து ஹைருனுக்கு ஆசை வந்தது. தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். அந்த முதல் எழுத்து மட்டும் அவளுக்குப் படியவே இல்லை. "இது என்னட்டி, வயித்துவலி வந்த எழுத்து மாரி மடங்கிக்கிட்டுக் கெடக்கு?" என்பாள். இரண்டு சீசன் முழுக்கப் பலகையில் எழுதினாள். வீட்டில் அடுப்புக்கரியால் எழுதினாள். தன் பெயரைத் தவிர வேறொன்றும் அவளுக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது.

1937 சீசன் முடிந்ததும் சிவசுப்பிரமணியன் வந்தார். குற்றாலத்தில் பங்களாக்கள் கட்டிக்கொடுக்கும் காண்ட்ராக்டர். கொல்லத்தில் மோட்டார் படகு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். குளத்தில் ஒரு படகுக்குத்தான் அனுமதி. அந்த அனுமதி ஹைருன் பீவியின் பெயரில் இருந்தது. மசூது தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவரை உட்காரச் சொன்னார். ஹைருன் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தங்கச்சி, மோட்டார ஒம் பேருக்கே எழுதித் தாரேன். தோணிய எனக்குக் குடுத்துரு. அனுமதியில தோணின்னு இருக்கத மோட்டார்னு மாத்திக்கிடுவோம். வாரதுல பாதி ஒனக்கு, பாதி எனக்கு. ஓட்டுத ஆளு, எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு" என்றார் அவர்.

"எனக்குத் தோணியே போதும் அண்ணாச்சி."

"இப்பம் போதும். ஆபீஸ்ல மோட்டாரத்தான் விரும்புதாக. அடுத்த வருசம் நானே மனு போட்டேன்னா எனக்குக் குடுத்துருவாக. அப்பம் தோணியும் ஓடாது, மோட்டாரும் இருக்காது. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் போன பிறகு மசூது தன் நோட்டை எடுத்தார். எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவர். எத்தனை முழம் நெய்தார், எந்த நாளில் சாரல் விழுந்தது, எந்த நாளில் தோணி ஓடியது, எல்லாம் அதில் இருக்கும்.

"கேட்டுக்கோ. போன சீசன்ல எழுபத்தெட்டு நாளு. அதுல காத்தில்லாம தோணி சும்மா கெடந்தது பதினேழு நாளு. மோட்டாருக்குக் காத்து வேண்டாம். பதினேழு நாளும் ஓடும்."

"அந்தப் பதினேழு நாளும் அருவியிலயும் தண்ணி இல்லயே காக்கா. காத்து நின்னா சாரலும் நின்னுரும். சனம் எங்கருந்து வரும்?" என்றாள் ஹைருன் அண்ணனிடம்.

மசூது நோட்டைப் பார்த்தார். அருவியில் தண்ணீர் விழுந்ததா என்பதற்கு அதில் இடம் விடவில்லை. "எழுதுனது எழுதுனதுதாம்மா" என்றார்.

ஹைருன் அத்தோடு விட்டுவிட்டாள். வாப்பா இறந்த பிறகு அவள் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். ஜமாஅத்தில் பேச்சு வந்தபோது அவளுக்காகப் போய் நின்றவரும் அவர்தான். ஏழு மாதம் யோசித்தாள். அடுத்த வருஷம் எதுவுமே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். மோட்டாரின் முகப்பில் தன் பெயரைப் பெயிண்டால் எழுதுவார்கள் என்ற நினைப்பு ஒருபக்கம். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சுக்கான நாந்தான் பிடிப்பேன்."

"அதுக்கென்ன, நீதான் பிடிக்கப் போற" என்றார் சிவசுப்பிரமணியன்.

அனுமதியை மாற்றும் மனுவையும் சேர்த்துப் பத்திரம் எழுதி வந்தது. மசூது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ஒரு வரியும் விடவில்லை. ஆனால் இருக்கிற வரிகளைத்தானே வாசிக்க முடியும். சுக்கானைப் பற்றிய வரி அதில் எழுதப்படவே இல்லை. அது இல்லாதது அவருக்குத் தெரியவில்லை.

காண்ட்ராக்டர் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்தார். "வேண்டாம்" என்று ஹைருன் பேனாவை வாங்கினாள். அந்த மடங்கிய எழுத்தை மெதுவாக, பிசகாமல் போட்டாள். சாட்சிக்கு வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மசூதுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

மறு வாரம் சாரல் பிடித்தது. மோட்டார் செங்கோட்டை வழியாக வந்து குளத்தில் இறங்கியது. கூடவே கொல்லத்துக் காயலில் படகு ஓட்டிப் பழகிய அய்யாக்குட்டி என்பவனும் இறங்கினான். சுக்கான் எஞ்சினோடு சேர்ந்து அவன் கைக்குள் இருந்தது. ஹைருன் கேட்டதற்கு, "மிஷினும் சுக்கானும் ஒண்ணா இருக்கு. ரெண்டு பேரு எப்படிப் பிடிக்கிறது? நீ முன்னால உக்காந்து பெண்களப் பாத்துக்கோ" என்றார் காண்ட்ராக்டர்.

ஆண்பிள்ளை ஓட்டும் படகில் பெண்கள் ஏறத் தயங்கினார்கள். மறைப்பும் இல்லை. ஹைருன் ஒரு வழி செய்தாள். தோணியோடு பாயைக் கொடுக்கவில்லை. அது அண்ணன் நெய்த துணி. அதை நான்காகக் கிழித்து, மோட்டாரின் நாலு பக்கமும் கழி நட்டுத் திரை கட்டினாள். அய்யாக்குட்டி பின்னால் திரைக்கு வெளியே இருந்தான். ஜன்னத்தும் இன்னும் எட்டுப் பெண்களும் ஹைருனை நம்பி ஏறினார்கள்.

மேற்குக் கரையை விட்டு நடுக்குளத்துக்கு வந்ததும் மேல்காற்று திரையைப் பிடித்தது. ஏற்கெனவே காற்றைப் பிடிக்க நெய்த துணி அது. தன் வேலையைச் செய்தது. மோட்டார் பக்கவாட்டில் சரிந்து கிழக்கே ஓடத் தொடங்கியது. அய்யாக்குட்டி எஞ்சினை முறுக்கினான். இரைச்சல் ஏறியது, படகு திரும்பவில்லை.

"திரையை அவிழ்க்கணும்! வேகம், வேகம்!" என்று கத்தினான்.

"அவுக்காதீங்க ராத்தா, கரை முழுக்க ஆம்பளைங்க!" என்று பெண்கள் கத்தினார்கள்.

ஹைருனின் கை தன்னையறியாமல் சுக்கானைத் தேடியது. அது இருக்க வேண்டிய இடத்தில் பெஞ்சுப் பலகைதான் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் துணியிலிருந்து காற்று இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதை எஞ்சின் இரைச்சலில் அய்யாக்குட்டி கேட்கவில்லை.

கரையில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். "ஏலே, அங்கன பாருலே! சந்தனக்கூடு தண்ணியில வருது!"

"மேளத்தக் காணோமலே!"

"அதான் மிஷினு அடிக்குதே!"

படகு கரைக் கற்களில் மோதி நின்றது. கழிகள் ஒடிந்து, நாலு திரையும் தண்ணீரில் விழுந்தன. ஒன்பது பெண்கள் நனைந்த சேலையோடு அத்தனை ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் காயமில்லை. யாரும் சிரிக்கவில்லை, கரையில் நின்றவர்களைத் தவிர.

வண்டிக்குள் ஏறும்முன் ஜன்னத் திரும்பி, "ஒங்க பாய் எங்கள மறைச்சுச்சு. அதே துணி இன்னைக்கு எங்கள இழுத்துட்டுப் போயிக் காட்டிருச்சே ராத்தா" என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எந்தப் பெண்ணும் வரவில்லை.

மோட்டார் ஆண்களின் படகாகிவிட்டது. முகப்பில் 'ஹைருன்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அந்தப் பெயருக்குரியவள் அண்ணன் வீட்டில் நூல் சுற்றினாள். பாதி என்று சொன்னதைக் காண்ட்ராக்டர் ஒழுங்காகத்தான் அனுப்பிவைத்தார். அதை அவர்மேல் குறை சொல்ல முடியாது.

ஜெர்மன் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1942 சீசனில் மோட்டாருக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. அய்யாக்குட்டி ஊருக்குப் போனான்; படகு மேற்குக் கரையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அந்த வருஷம் மேல்காற்று நன்றாக வீசியது. மசூதின் நோட்டில் அறுபத்தொன்பது நாள் என்று இருக்கிறது. இந்தத் தடவை அவர் அருவிக்கும் ஒரு இடம் விட்டிருந்தார்.

ஹைருன் காண்ட்ராக்டர் பங்களாவுக்குப் போனாள், மசூதையும் கூட்டிக்கொண்டு.

"அண்ணாச்சி, மோட்டார நீங்களே வச்சுக்கிடுங்க. என் தோணியத் தாங்க. காக்கா வேற பாய் நெய்ஞ்சு தருவாக."

"தோணியா? அந்தா இருக்கு, பாரு" என்று அவர் லாயத்தைக் காட்டினார்.

தோணியை நடுவில் அறுத்திருந்தார்கள். முன்பாதி லாயத்துச் சுவரோரம் கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக் குதிரை குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. பின்பாதி என்ன ஆயிற்று என்று ஹைருன் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே ஆபீஸுக்குப் போனாள். வேறு தோணி வாங்கிக்கொள்ளலாம். அனுமதியில் மட்டும் மறுபடி தோணி என்று மாற்றித் தந்தால் போதும். கிளார்க் நமசிவாயம் கட்டைப் பிரித்துக் காகிதத்தை எடுத்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"மோட்டார் தவிர வேற படகு விடமாட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே அம்மா." மசூது அன்று வாசித்துக் காட்டிய வரிதான்; தோணியைக் கொடுக்கும்போது அது யாருக்கும் உறுத்தவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா. பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும்."

அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "கைநாட்டா இருந்தா, படிக்காத பொம்பளை, தெரியாம வச்சிட்டான்னு மேல எழுதலாம். நானே எழுதுவேன். இது கையெழுத்து. அதுவும் எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க. தெரியாம போட்டதுன்னு யாரு நம்புவா?"

ஹைருன் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அந்த மடங்கிய எழுத்து பிசகாமல்தான் இருந்தது.

வெளியே வந்ததும், "நல்லாத்தான் போட்டிருக்கேன், இல்ல காக்கா?" என்று கேட்டாள். மேல்காற்றில் சாரல் முகத்தில் அடித்தது. இருவரும் தென்காசிக்கு நடந்தே போனார்கள்.

அதற்குப் பிறகு ரேஷன் கார்டானாலும் எதுவானாலும் ஹைருன் பீவி கட்டைவிரலைத்தான் நீட்டினாள். எழுதத் தெரியுமே என்று யாராவது சொன்னால், "மறந்துபோச்சு" என்றாள்.

மசூதின் நோட்டில் அந்தத் தேதி இருக்கிறது. அடியில் கோடு போட்டிருக்கிறது. ஹைருன் பீவி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள், 1938ஆம் வருஷம் மே மாதம் இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.