பறவை இல்லாத மிதவை

எங்கள் துறைமுகத்துக்குத் தூண்டில் போட வரும் வெளியூர்க்காரர்களிடம் ஹோட்டல்காரர்கள் காதோடு காதாக ஒன்று சொல்லி அனுப்புவார்கள். யார் படகில் வேண்டுமானாலும் ஏறுங்கள், கொக்கு படகில் மட்டும் ஏறாதீர்கள்.

கொக்கு திருடன் இல்லை, குடிகாரனும் இல்லை. அவன் படகின் தளத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை சுத்தம். குறை ஒன்றே ஒன்றுதான். கடலில் எது மிதந்தாலும் நிறுத்திவிடுவான். பிளாஸ்டிக் டப்பா, உடைந்த நாற்காலி, ஒற்றைச் செருப்பு, எதுவும் விலக்கில்லை. வலப்பக்கம் பறவைகள் வட்டமடித்து, "இங்கே மீன், இங்கே மீன்" என்று கூவிக்கொண்டிருக்கும். அவனோ இடப்பக்கம் அநாதையாக மிதக்கும் ஒரு டப்பாவை நோக்கிப் படகைத் திருப்புவான். கிட்டே போய் எஞ்சினை அணைப்பான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து எட்டிப் பார்ப்பான். அப்புறம்தான் மீன். அதற்குள் மீன் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இதே கொக்குக்காக ஒரு காலத்தில் ஹோட்டல் விருந்தாளிகள் சண்டை போட்டார்கள். நெடுநெடுவென்ற உயரம். சுக்கானைப் பிடிக்கும்போது ஒரு காலை மடித்து மறு காலில் நிற்பான், அதனால் வந்த பெயர். கடலுக்கடியில் மீன் தும்மினால் இவன் மேலே நின்றபடி "நூறு ஆயுசு" என்பான் என்றொரு பேச்சு ஊரில் உண்டு. அதைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

உண்மையில் அவன் வித்தை எளியது. ஆழ்கடலில் ஏதாவது மிதந்தால் அதன் நிழலில் பொடி மீன் ஒதுங்கும். பொடி மீனைத் தின்ன அடியில் பெரிய மீன் வரும். அதே பொடி மீனைக் கொத்த மேலே பறவை வரும். ஆகவே மிதப்பதைப் பார்க்காதே, பறவையைப் பார். பறவை இருந்தால் மீன், இல்லாவிட்டால் குப்பை. இருபது வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து, பறவை இல்லாத பொருள் அவன் கண்ணில் விழவே விழாது என்று ஆகிவிட்டிருந்தது.

படகில் அவனுக்குத் துணை, மனைவியின் தம்பி. ஊர் வைத்த பெயர் ரேடியோ. இரை வெட்டுவான், தூண்டில் மாட்டுவான், குமட்டும் விருந்தாளிக்கு வாளி பிடிப்பான். மூன்றையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்வான். இந்த விருந்தாளிகள் மீனைப் பிடித்து, கட்டியணைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி கடலிலேயே விட்டுவிடும் ரகம். கடையில் இருக்கிற சட்டையை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வரும் ஆட்களைப் போல என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லுவான். அவர்களும் சிரித்துவிட்டு அவனுக்குத் தனியாக இனாம் கொடுப்பார்கள்.

தாய் போனபின் அவனை வளர்த்தது அக்காதான். துறைமுக ஐஸ் பாக்டரியில் பாளம் உடைக்கிறவள் அவள். இரண்டே அறை கொண்ட அவர்கள் வீட்டில் வாசலை ஒட்டிய மூலை தம்பியுடையது. அங்கே ஒரு சுருட்டிய பாய், ஆணியில் ஒரு சட்டை. அவன் தூங்கும்போதாவது வாய் மூடுவானா என்று கேட்டால், தூக்கத்திலும் கொரகொரவென்று ஸ்டேஷன் தேடிக்கொண்டிருப்பான் என்பாள்.

அப்படியிருக்கையில் புயல் வந்தது. தபால் நிலையத்தின் தகரக் கூரையைப் பெயர்த்தெடுத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் கவிழ்த்து, பிள்ளைகளுக்கு ஒன்று போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போன புயல். தையல்காரரின் மிஷின் ஒரு மரக்கிளையில் போய் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் காற்றில் சுற்ற, இலையோடு இலையைத் தைத்துக்கொண்டிருந்தது என்று நான் சொன்னால் பாதியை நம்புங்கள். இனிமேல் சொல்வதை முழுதாகவே நம்பலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊர்ப் படகுகளெல்லாம் கழிமுகம் வழியாக உள்ளே நுழைந்து, உப்பங்கழியில் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி ஒதுங்கும். அன்று கொக்கு தன் இரண்டு படகுகளில் பெரிய படகை எடுத்தான். சின்னப் படகு ரேடியோவின் பொறுப்பு.

"நீங்க முன்னால போங்க மாமா. நான் பின்னாலயே வரேன். அதுவரைக்கும் பேச ஆளில்லாம சிரமப்படாதீங்க."

"காதுக்குக் கொஞ்ச நேரம் லீவு கெடைக்குதே மாப்ளே, மெதுவாவே வா" என்றான் கொக்கு.

மெதுவாகவே வா என்று சொன்னது வேடிக்கைக்குத்தான். அவன் உள்ளே போய்க் கயிறு கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சின்னப் படகைக் காணோம். அதற்குள் கழிமுகத்தில் அலை சுவர் மாதிரி எழுந்துவிட்டது. வெளியே போக வழியில்லை.

காற்று ஓய்ந்து விடிந்தபோது தேடிப் போக ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. காவல் படகுகள் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன. டீசல் பங்கில் கடல் புகுந்துவிட்டது. கொக்கின் பெரிய படகு மட்டும் கீறல் இல்லாமல் நின்றது, ஆனால் தொட்டி காலி. நல்ல டீசல் இருந்த ஒரே இடம் ஹோட்டலின் ஜெனரேட்டர் அறை. கொக்கு போய்க் கெஞ்சினான். தேடுவதற்கு அரசாங்கம் வரும், விருந்தாளிகளுக்கு விளக்கெரிய வேண்டாமா என்றார் மானேஜர். அந்த விருந்தாளிகளில் இரண்டு பேர், ஒரு பல் டாக்டரும் அவர் மாமனாரும், புயல் கழிந்த கடலில் மீன் கொட்டுமாமே, படகு எப்போது கிளம்பும் என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

கொக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் மனைவி அடுப்படியில் தேங்கிய தண்ணீரைத் தகர முறத்தால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க. தேடப் போறேன்னா சொட்டுக் குடுக்க மாட்டாங்க." இன்னும் இரண்டு முறம் அள்ளிக் கொட்டினாள். "எதையாவது புடிச்சுட்டு மெதந்துட்டுதான் இருப்பான். நீச்சல் நான் கத்துக் குடுத்தது. அந்த வாயைத்தான் நான் கத்துக் குடுக்கல."

அடுத்த நாள் காலையில் ஹோட்டல் டீசல், ஹோட்டல் விருந்தாளிகள், ஹோட்டல் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு கொக்கு கிளம்பினான்.

கடல் ஒன்றுமே நடக்காதது போல் படுத்திருந்தது. தண்ணீர் வெந்நீர் மாதிரி கதகதத்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கழிமுகத்துச் செம்மண் தண்ணீர் நீலத்தோடு சேரும் ஓரத்தில் ஊரே மிதந்தது. கதவு, மெத்தை, கரும்பலகை, வயிறு ஊதிய ஒரு கன்று. துறைமுகத்தில் எல்லோரிடமும் இருக்கும் நீல பிளாஸ்டிக் டிரம்கள் எங்கு பார்த்தாலும். கொக்கு தேடியது கவிழ்ந்த படகை. கவிழ்ந்த படகென்றால் பெரிய நிழல், நிழலுக்கு மீன், மீனுக்குப் பறவை. ஆகவே அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, போன வருஷம் நழுவிய மீனுக்கு யார் காரணம் என்று மாமனாரும் மருமகனும் வாதாடிக்கொண்டு வந்தார்கள்.

வெகு தூரம் போனபின், இடப்பக்கம் வெயில் தகதகத்த திசையில் ஒரு நீல டிரம் தெரிந்தது. மேலே பறவை ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் வலப்பக்கம் தூரத்தில் பறவைக் கூட்டம், கருமேகம் மாதிரி. மாமனார் கத்தினார். கொக்கு வலப்பக்கம் திருப்பினான். கத்திய கிழவருக்காக அல்ல. அங்கேதான் படகு இருக்கும் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அங்கே இருந்தது ஒரு பிரிட்ஜ். கதவு பாதி திறந்து, வெள்ளையாக மல்லாந்து கிடந்தது. அதன் அடியில் பொன்னிற மீன்கள், ஆள் கை நீளம், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. கொக்கு சுக்கானை மறுபடி திருப்புவதற்குள் மாமனார் இரையை வீசிவிட்டார். வீசிய மாத்திரத்தில் தூண்டில் கழி வில்லாக வளைந்தது.

விருந்தாளியின் தூண்டில் கயிற்றில் மீன் இருக்கும்போது படகோட்டி தன் இஷ்டத்துக்குப் படகை நகர்த்தக் கூடாது, கயிற்றை அறு என்று வாய் திறக்கவும் கூடாது. அந்தத் தொழிலில் அதுதான் மரியாதை. மீன் ஓடும் பக்கம் படகு ஓட வேண்டும். அந்த மீன் ஓடியது, ஆழத்துக்கு இறங்கியது, மேலே எழும்பிப் பளிச்சென்று துள்ளியது, மறுபடி இறங்கியது. கிழவர் வியர்த்து ஒழுகினார். மருமகன் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மீன் சொன்ன பக்கமெல்லாம் படகைத் திருப்பிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி இருந்தான். உச்சி வெயில் சாயும் நேரத்தில்தான் மீன் வசப்பட்டது. அணைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். போய் நல்லா இரு என்று கிழவர் அதை மெல்லத் தண்ணீரில் விட்டார்.

அதற்குமேல் கொக்கால் முடியவில்லை. எதற்காக வந்தேன் என்று சொல்லிவிட்டான்.

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார் கிழவர்.

கழிகளை மடித்து வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். வந்த வழியே திரும்பும்போது அந்த நீல டிரம் மறுபடி தெரிந்தது. இப்போது அதன்மேல் பறவைகள் உட்கார்ந்திருந்தன.

கொக்குக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கையை வீசி, காலை உதைத்து, தொண்டை கிழியக் கத்துகிற ஒன்றின் அருகே எந்தப் பறவையும் இறங்காது. காலையில் பறவை இல்லாததற்கு அதுதான் காரணம். வாழ்நாளெல்லாம் பேசியவன், கேட்க ஆள் வேண்டிய நேரத்தில் பேசிய பேச்சு எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது.

ரேடியோ தன் மணிக்கட்டை டிரம்மின் கைப்பிடியோடு தூண்டிலின் நைலான் நரம்பால் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேருமாகத் தூக்கி அந்தத் துடைத்த தளத்தில் கிடத்தினார்கள். பல் டாக்டர் மண்டியிட்டு, தாடையைத் தொட்டுப் பார்த்தார். தாடை இன்னும் விறைக்காமல், இலகுவாகத் திறந்தது. மெதுவாக மூடிவிட்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு டாக்டர்?"

"ராத்திரியே போயிருப்பார்" என்றார் டாக்டர், கடலைப் பார்த்துக்கொண்டு. "சிரமப்பட்டிருக்க மாட்டார்."

மீன் செத்தால் எவ்வளவு நேரத்தில் விறைக்கும் என்பது கொக்குக்குத் தெரியாததா. தலையை மட்டும் ஆட்டினான். மாமனார் தன் சட்டையைக் கழற்றி ரேடியோவின் முகத்தில் போர்த்தினார். அந்தப் படகு அத்தனை அமைதியாக அதற்குமுன் ஓடியதே இல்லை.

ஐஸ் பாக்டரியில் மின்சாரம் இல்லை. இருந்த கடைசிப் பாளங்களைக் கொக்கின் மனைவி தானே உடைத்துத் தம்பியைச் சுற்றி அடுக்கினாள். வந்தவர்கள் அழுதார்கள், போனார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டிரம் எங்கே இருந்தது, பிரிட்ஜ் எங்கே, டாக்டர் என்ன சொன்னார். ராத்திரியே போய்விட்டான் என்ற வார்த்தையைக் கொக்கு இரண்டு தடவை சொன்னான். அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான்.

"காலைல அந்த டிரம்மைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுமேல பறவை இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருந்தார், அதோடு இன்னொன்றைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை.

"இல்ல" என்றான் கொக்கு.

அவள் எழுந்து உள்ளே போய், ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். அதன்பின் வெகு நாள் அவனிடம் பேசவில்லை. சோறு போட்டாள், தட்டை நகர்த்தினாள், அவ்வளவுதான். ஊர் நிமிர்ந்து, டீசல் வந்து, விருந்தாளிகளும் வந்தபோது அவன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் படித்துறையில் வந்து நின்றாள்.

"பறவை இல்லாததையும் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். தொழில் படுத்துவிட்டது. மற்ற படகோட்டிகள் அவனுக்குக் குப்பை வண்டி என்று புதுப் பெயர் வைத்தார்கள், ஒட்டவில்லை. பல் டாக்டர் மட்டும் வருஷா வருஷம் வந்து அவன் படகில்தான் ஏறுகிறார். ஒரு தடவை, அன்றைக்கு நான் சொன்னது என்று ஏதோ ஆரம்பித்தாராம். மீனைப் பற்றிப் பேசுவோம் டாக்டர் என்று கொக்கு தடுத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் எட்டிப் பார்த்தவற்றில் உயிரோடு கிடைத்தது ஒரே ஒரு நாய். ஒரு கதவின் மேல் நின்றுகொண்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்பது போல் குரைத்ததாம். அதையும் வேண்டுமானால் பாதி நம்புங்கள்.

போன பருவத்தில் ஐஸ் வாங்க வந்த ஒரு விருந்தாளி, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார். அந்த நெட்டை ஆள் பாதிப் பொழுதைக் குப்பையைச் சுற்றி வந்தே கழித்துவிட்டான், சுத்தக் கிறுக்கு என்றார்.

"தெரியும்" என்றாள் அவள், பாளத்தின் மேல் உளியை வைத்துக்கொண்டே. "நான்தான் சொல்லி அனுப்புறேன்."

மாலையில் கொக்கு படியேறி வரும்போது மீன் கிடைத்ததா என்று அவள் கேட்பதில்லை. கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பாள்.

"என்ன இருந்துச்சு?"

"ரெண்டு டிரம், ஒரு பலகை."

"வெறும் டிரம்தானே?"

"வெறும் டிரம்தான்."

அதன் பிறகே சோற்றுப் பானையின் மூடியைத் திறப்பாள்.