பாதி பாதி மாத்திரை

“இல்லக்கா, எனக்குப் பேயெல்லாம் பிடிக்கல. பேய்க்கு மாசக் கணக்கு தெரியுமா என்ன?”

யாரும் எதுவும் கேட்கவில்லை. விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் தானாகவே பதில் சொல்லிக்கொண்டாள். வெள்ளை விரிப்பில் இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றுபோய்ப் பழுப்பாய் ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்தாலே இப்படித்தான். மார்பு கனக்கும், தலை வெடிக்கும், ஈ பறந்தால் அழுகை வரும். “சாப்பிட்டியா?” என்று புருஷன் கேட்டால்கூட எரிந்து விழுவாள். கூடத்தில் அவள் பேரே கொள்ளி.

மேற்பார்வையாளர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். “இன்னொண்ணு கருகினா, நீ உன் வீட்டுத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கலாம்.”

கொள்ளி பெட்டியின் சூட்டைக் குறைத்தாள்.

பக்கத்து மேசையில் துணி மடிப்பவள் சோடாபுட்டி. கண்ணாடி அத்தனை தடிமன். அவளுக்கும் அதே வாதைதான், ஆனால் திட்டமாட்டாள், மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள். ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று துப்புக் கொண்டுவந்தவள் அவள். இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

“நொச்சிக்கு நெருங்கின சொந்தமான ஒரு செடி. அதோட பழத்துலேருந்து எடுத்த மருந்து,” என்றார் டாக்டரம்மா. “பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.”

“மாவா? ஏம்மா இந்த வேலை?”

“மாத்திரை முழுங்கின தெம்புலயே கொஞ்சம் வலி போயிடும். செடியால எவ்வளவு போச்சுன்னு தெரிய வேணாமா? முன்னாடி பார்த்தவங்க நல்லாயிருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி. அடிச்சுச் சொல்ல முடியல.”

சோறு, குடை, ஊர்வம்பு எதுவானாலும் பங்கு போட்டே பழகியவர்கள். வெளியே வந்ததும் கொள்ளி சொன்னாள்: “உனக்கு மாவு வந்து எனக்கு மருந்து வந்தா, அது எனக்குத் தொண்டையில இறங்குமாடி?” ஆளுக்கொன்றாய்க் கொடுத்த மாத்திரை டப்பா இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்து, பாதி பாதி எடுத்துக்கொண்டார்கள். தங்கள் சாமர்த்தியத்தை மெச்சி ஆளுக்கொரு டீயும் குடித்தார்கள்.

அடுத்தடுத்த மாதங்களில் கொஞ்சம் தேவலை போலத்தான் இருந்தது. “மாத்திரை நல்லா கேட்டிருக்கே!” என்று டாக்டரம்மா முகம் மலர்ந்து கணினியில் ஏற்றப் போனார். கொள்ளிக்கு முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கலந்ததைச் சொன்னால் மாத்திரை நின்றுவிடும், மறுபடி விரிப்பு கருகும், வேலை போகும். சொல்லாவிட்டால், எத்தனையோ பெண்களுக்கு இந்தம்மா தெரியாமலே பொய் சொல்ல வேண்டி வரும்.

சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா தலையில் கைவைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “உங்க ரெண்டு பேர் பேருக்கும் நேரா கலப்படம்னுதான் எழுதணும். மாத்திரையும் இப்போதைக்கு இல்ல. ஆனா மறைக்காம சொன்னியே, நீ நல்லா இருப்பே. ஆமா, சோத்தையெல்லாம் பங்கு போடறீங்களே, வேலையைப் பங்கு போட மாட்டீங்களா?”

அது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? இருவருக்கும் கெட்ட வாரம் வேறு வேறு. அவரவர் வாரத்தில் மடிக்கிற மேசை, மற்றவள் கையில் பெட்டி. மேற்பார்வையாளரும் தலையாட்டினார். அதன்பின் ஒரு விரிப்பும் கருகவில்லை.

ஆராய்ச்சி முடிந்தபோது, மாவைவிடச் செடி ஓரளவு மேல் என்று வந்தது. “இன்னும் பெருசா செஞ்சு பார்க்கணும்,” என்று அப்போதும் டாக்டரம்மா அளந்துதான் பேசினார். அவர் மேற்பார்வையில் கொள்ளி நிஜ மாத்திரையே சாப்பிட்டாள். மருந்து அவளுக்குக் கேட்டது. பிள்ளைக்கு ஆசைப்பட்டதும், அவர் சொன்னபடி நிறுத்தினாள்.

இப்போது மடியில் மகள். கொள்ளியின் அப்பா பேத்தியைப் பார்த்துப் பார்த்து அந்தச் செடிக்கு ஒரு கும்பிடு, டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு, போனால் போகிறதென்று மாவுக்கும் ஒன்று போடுகிறார்.

இன்று காலை சோடாபுட்டி வந்து, “எனக்கும் பங்கு உண்டுடி,” என்று கையை நீட்டினாள்.

கொள்ளி குழந்தையை அவள் கையில் வைத்தாள். “பாதியெல்லாம் கிடையாது. முழுசாவே பிடி.”