கரட் எண்ணெயும் கீரைத் தண்ணீரும்

விசுவமடுவில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே வருடம் இரண்டு பேர், பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரச் சோதனை எழுதினோம். ஒருத்தி என் மச்சாள், கணவரின் தங்கை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மற்றவள் நான். அப்போது என் மகளுக்கே எழுத்து ஏடு தொடக்கியாயிற்று.

நான் எழுதியிருக்கவேண்டிய வருடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. என் வயதுப் பிள்ளைகள் எங்கேயாவது அந்தச் சோதனையை எழுதினார்களோ தெரியாது. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம். வாய்க்கால் கரை வீடு, நெல்வயல், பிள்ளை. படிப்பு என்ற சொல்லே என் பக்கம் வரவில்லை.

போர் நின்ற சமாதான காலத்தில், மூடிக்கிடந்த பெரிய பாதை திறந்தது. எங்கள் முன்பள்ளியில் நான் உதவியாளராக இருந்தேன். பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவேன், பாய் விரிப்பேன், பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். ஆசிரியையாக வேண்டுமென்றால் சாதாரண தரம் சித்தியடைந்திருக்கவேண்டும் என்றார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் நான் மெல்லச் சொன்னேன்.

"நானும் சோதனை எழுதப் போறன்."

கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "ஓம், எழுதுமன். ஆர் வேண்டாமெண்டது?" என்றார்.

கணவரின் தாய், என் மாமிதான் நிமிர்ந்து பார்த்தா. "பிள்ளைப் படிப்பைப் பாக்கிற வயசில தாய் சோதனை எழுதுறதோ? சனம் சிரிக்கும் பிள்ளை."

சனம் சிரிக்க அதிக காலம் எடுக்கவில்லை. மச்சாள் போய்க்கொண்டிருந்த கிடுகுக் கொட்டில் ரியூசனுக்கு நானும் போனேன். அவள் சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் கரியரில். வாங்குப் பலகையில் என்னைச் சுற்றி எல்லோரும் பதினாறு வயது. விஞ்ஞானம் படிப்பித்த சேருக்கே என் வயதுதான் இருக்கும். அவர் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார். தமிழும் சமயமும் எனக்கு வந்தன. கணிதத்தோடு மல்லுக்கட்டினேன். விஞ்ஞானம் மட்டும் ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கியது.

விற்றமின் பாடம் நடந்த அன்று சேர் திடீரென்று என்னைப் பார்த்தார்.

"அக்கா, கொழுப்பில் கரையும் விற்றமின்கள் எவை?"

முதல்நாள் நெட்டுருப் போட்டது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. "பி, சி… ஈ" என்றேன்.

கொட்டில் முழுக்கச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரையும். பி தொகுதியும் சீயும் நீரில் கரையும்" என்று கரும்பலகையில் மறுபடி எழுதினார். மச்சாள் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில் அவள் பாலத்தடியில் சைக்கிளை நிற்பாட்டினாள்.

"மச்சாள், நான் ஒண்டு சொல்லட்டே? ஏ, டி, ஈ, கே. சேர்த்துச் சொல்லிப் பாருங்கோ. 'ஏடி, ஈகே!' ஆரையோ 'ஏடி, இங்கே' எண்டு கூப்பிடுற மாதிரி இல்லையே?"

இருவரும் அந்த இடத்திலேயே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்தநாள் விடிய அவள் கிணற்றடியில் நின்று, "ஏடி, ஈகே!" என்று என்னைக் கூப்பிட்டாள். மாமி விளக்குமாற்றோடு ஓடிவந்தா.

"மூத்த மச்சாளை ஏடியெண்டு கூப்பிடுறியோ? நாக்கை இழுத்து அறுப்பன்!"

"அம்மா, அது விற்றமின்!"

"என்ன மின்னோ! மரியாதையாய்க் கூப்பிடு."

பெயர்கள் அதோடு மனதில் நின்றன. ஆனால் ஏன் ஒன்று கொழுப்பில் கரைகிறது, ஒன்று நீரில் கரைகிறது, கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன? அது எனக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பாடமாக்கினால் சோதனை மண்டபத்தில் மறுபடி பி, சி, ஈ என்றுதான் வரும் என்று பயமாக இருந்தது.

பாதை திறந்த பிறகு மலைநாட்டு மரக்கறி லொறி லொறியாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சந்தையிலிருந்து கரட் கொண்டுவந்தார். நான் துருவி, தேங்காய் எண்ணெயைக் காயவைத்துத் தாளித்தேன். தாச்சியைச் சரித்தபோது ஓரத்தில் ஒதுங்கிய எண்ணெய் செம்மஞ்சளாக இருந்தது. துருவிய கையைப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். தண்ணீரில் தேய்த்தும் போகவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். நிறம் எண்ணெயோடு வந்துவிட்டது.

"மச்சாள், இஞ்ச ஓடிவாரும்!" என்று கத்தினேன்.

அவள் கொப்பியோடு வந்தாள். கரட்டில் அந்த நிறத்தைத் தருவது கரோட்டின் என்றும், அதிலிருந்துதான் உடம்பு விற்றமின் ஏ செய்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கண்ணாடிப் போத்தல் எடுத்தோம். ஒன்றில் தண்ணீர், மற்றதில் இளஞ்சூட்டுத் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் கரட் துருவலைப் போட்டு வைத்தோம். மத்தியானம் திறந்து துணியில் வடித்தோம். தண்ணீர் சற்றுக் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் பொன் மாதிரி. இரண்டையும் ஒரே போத்தலில் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்து நின்றது. நிறம் எண்ணெயோடுதான் நின்றது.

அந்தப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றபோது எனக்குள் ஏதோ ஒரு கதவு திறந்தது. கொழுப்பில் கரைவது கொழுப்போடுதான் போகும். சாப்பாட்டில் கொஞ்சமாவது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ இருந்தால்தான் உடம்பு அதை உறிஞ்சும். உள்ளே போனதும் ஈரலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். தங்குவதால் ஒவ்வொரு நாளும் தேவையில்லை. தங்குவதாலேயே குளிசை மாத்திரையாக அளவு மீறி எடுத்தால் சேர்ந்து நஞ்சாகவும் கூடும். நான் எதையும் பாடமாக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று தானாக வந்தது.

"அப்ப தண்ணியில கரையிறதை எப்பிடிப் பாக்கிறது? அதுக்கு நிறம் இல்லையே" என்றேன்.

மச்சாள் யோசித்தாள். வயலில் காயம் பட்டால் பூசுவதற்கு வைத்திருந்த அயடீன் குப்பியை எடுத்துவந்தாள். ஆறிய கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். கருநீலமானது. அதில் தேசிக்காயைப் பிழிந்தாள். நீலம் கண்ணுக்கு முன்னாலேயே மறைந்தது.

"விற்றமின் சீயின்ர வேலை" என்றாள்.

அந்த நேரம் மாமி முருங்கையிலையை அவித்து, கயர் போகட்டும் என்று தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தா. பின்பக்க வாழையடிக்குத்தான் அது எப்போதும் போகும். "மாமி, ஊத்தாதேங்கோ! ஒரு கரண்டி தாங்கோ" என்று கேட்டு வாங்கினேன். இன்னொரு குவளையில் கருநீலக் கஞ்சி. கீரைத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டேன். மாமியும் அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தா. நீலம் வெளுத்து, வெளுத்து, போய்விட்டது.

"என்ன பிள்ளை, மந்திரமோ?"

"இல்லை மாமி. கீரையில இருந்த சத்தில ஒரு பங்கு இந்தத் தண்ணிக்கு வந்திட்டுது. சூட்டில கொஞ்சம் அழிஞ்சும் போயிருக்கும்."

மாமி வாழையைத் திரும்பிப் பார்த்தா. "அதுதான் எங்கட வாழை இப்பிடிச் செழிச்சு நிக்குது. நாங்களெல்லே காய்ஞ்சு போனம்!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தா. பிறகு தன் பக்க நியாயத்தையும் விடவில்லை. "ஆனால் சோத்துக் கஞ்சியை நான் ஒரு நாளும் ஊத்தினதில்லை. உப்பும் பாலும் விட்டுக் குடிக்கத்தான் தந்தனான்."

அது உண்மை. அரிசியின் பி விற்றமினில் ஒரு பங்கை மாமி இத்தனை வருடமும் எங்களுக்குக் குடிக்கத் தந்திருக்கிறா. நான் அதைச் சொன்னபோது அவவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றிலிருந்து கீரைக்குத் தண்ணீர் கொஞ்சம், அதுவும் கறியிலேயே வற்றும்.

அடுத்த வகுப்புக்குப் போத்தல்களைக் கூடையில் வைத்துக்கொண்டு போனோம். சேர் என்னை முன்னால் வந்து செய்துகாட்டச் சொன்னார். நீலம் மறைந்தபோது பின்வரிசை வாங்கிலிருந்த பெடியள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒருவன் கேட்டான்:

"அக்கா, அப்ப சீயை நிறையச் சாப்பிட்டுச் சேமிச்சு வைக்கேலாதோ?"

"ஏலாது தம்பி. தண்ணியில கரையிறது, மிஞ்சினால் சிறுநீரோட போயிடும். அதுதான் ஒவ்வொரு நாளும் வேணும். குறைஞ்சால் கெதியாக் காட்டும். சீ இல்லாட்டிப் பல் முரசில இரத்தம் வரும், பி ரெண்டு இல்லாட்டிக் கடைவாய் வெடிக்கும். ஏ குறைஞ்சு மாலைக்கண் வரக் கனகாலம் எடுக்கும், ஈரல்ல இருப்பு இருக்குமெல்லோ."

"பி பன்னிரண்டு மட்டும் விதிவிலக்கு. அது நீரில் கரையும், ஆனாலும் ஈரலில் நெடுநாள் இருக்கும்" என்று சேர் சேர்த்துவிட்டு, கைதட்டத் தொடங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்த கொட்டில் முழுக்கக் கைதட்டியது.

மார்கழி மழையில் சோதனை நடந்தது. மச்சாள் பள்ளிப் பரீட்சார்த்தி, நான் தனிப்பட்ட பரீட்சார்த்தி. மண்டபம் வேறு வேறு. விஞ்ஞானத் தாளைத் திருப்பினேன். ஒரு பிள்ளை மஞ்சள் நிறக் காய்கறிகளை நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் அதன் உணவில் கொழுப்பு இல்லை; மாலைக்கண் வரக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டே போனேன். கூரையில் மழை கொட்டிய சத்தம்கூடக் காதில் விழவில்லை. வெளியே வந்தால் மச்சாள் வாசலில் நனைந்தபடி நிற்கிறாள். ஒருவரையொருவர் பார்த்தோம். கேள்வியைப் பற்றிக் கேட்கவே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் சேற்றில் துள்ளினோம்.

மச்சாளின் முடிவு பள்ளிக்கூடத்துக்கு முதலில் வந்தது. விஞ்ஞானத்தில் ஏ. என்னுடையது தபாலில் வரவேண்டும். அந்த நாட்களில் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

ஒரு மத்தியானம், முன்பள்ளியில் பிள்ளைகளை வட்டமாக இருத்திப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேற்றடியில் மாமி. குடையில்லை, செருப்பில்லை, வாய்க்கால் கரையால் வெயிலில் ஓடிவந்திருக்கிறா. கையில் உடைக்காத கடித உறை.

"தபால்காரர் தந்தவர். உன்ர சோதனை பிள்ளை, நீதான் உடைக்கவேணும்."

உடைத்தேன். எழுத்துகள் முதலில் கண்ணுக்குள் நிற்கவில்லை. தமிழ் ஏ. சமயம் ஏ. கணிதம் எஸ், தப்பிவிட்டேன். விஞ்ஞானம் பி. எல்லாப் பாடமும் சித்தி.

"பி எண்டா பாஸோ?" மாமிக்கு இன்னும் மூச்சு இரைத்தது.

"நல்ல பாஸ் மாமி!"

மாமி என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தமிட்டா. பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, வீதியால் போன உழவு மெசின்காரருக்கும் கேட்கும்படி சொன்னா:

"பிள்ளையள், இனி இவவை அன்ரி எண்டு கூப்பிடக்கூடாது. ரீச்சர்! எங்க, சொல்லுங்கோ பாப்பம்!"

பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கூடச் சேர்ந்து கத்தியவர்களில் என் மகளும் ஒருத்தி.